பிறந்ததும் பயின்றதும்

விலங்கு செய்வதில் எது பிறவியோடு வந்தது, எது பிறந்த பின் கற்றது என்ற கேள்விக்குத் தமிழ் வழக்கில் இரண்டு பழைய விடைகள் உண்டு. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பது ஒன்று. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது மற்றொன்று. முதல் பழமொழி பிறவியின் கட்சி. இரண்டாவது பயிற்சியின் கட்சி; விடாமல் பழக்கினால் இனமே மாறிவிடும் என்னும் எல்லை வரை அது போகிறது. அரசலாறு கடலில் கலக்கும் காரைக்காலில் இரண்டு பழமொழிகளும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. சுமார் 160 சதுர கிலோமீட்டருக்குள் வயலும் வாய்க்காலும் கோயில் குளமும் கழிமுகமும் மணற்கரையும் நெருங்கிக் கிடக்கும் நிலம் இது. உலக ஆய்வுக்கூடங்களில் நூறாண்டுக்கு மேல் நடந்த இந்த வழக்கின் சாட்சிகளில் பல இங்கே வீட்டைச் சுற்றியே கிடைக்கின்றன.

முதல் சாட்சி குளவியே. ஜன்னல் சட்டத்திலும் மாடக்குழியிலும் மண்ணை உருட்டிக் கூடு கட்டும் அது, ஒரு பச்சைப் புழுவைக் கொட்டி அசைவற்றதாக்கி உள்ளே திணித்து, வாயை மண்ணால் அடைக்கிறது. சில வாரம் கழித்து அந்த மண்ணை உடைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வருகிறது. போனது புழு, வந்தது குளவி. கொட்டிக் கொட்டித் தன் இனமாக்கிவிட்டது என்று பார்த்தவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. வேதாந்திகள் அதைக் குருவுக்கும் சீடனுக்கும் உவமையாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் திணிக்கப்பட்ட புழு கட்டுச்சோறு. கூட்டுக்குள் குளவி இட்ட முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அதைத் தின்று வளர்கிறது. வெளியே வரும் குளவி தன் தாயை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அது தானே மண் எடுக்கிறது, கூடு கட்டுகிறது, தன் இனத்துக்குரிய இரையைத் தேடிப் பிடித்துக் கொட்டுகிறது. பயிற்சிக் கட்சி தனக்கென்று வைத்துக்கொண்ட உவமை, பிறவிக் கட்சியின் வலுவான சான்றாக மாறிவிட்டது.

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாட்களில், தென் பிரான்சில் ஜான் ஆன்ரி ஃபாப்ர் வெயிலில் குப்புறப் படுத்துக் குளவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சிகளைப் பற்றிய அவருடைய நினைவுக் குறிப்புகள் 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாக வந்தன. அவர் கவனித்த ஒரு குளவி, பிடித்த சுவர்க்கோழியை வளை வாயிலில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிறகு இரையை இழுக்கும். அது உள்ளே போன நேரத்தில் ஃபாப்ர் இரையைச் சற்றுத் தள்ளி வைத்தார். வெளியே வந்த குளவி அதை மறுபடி வாயிலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்ப் பார்த்தது. நாற்பது முறை தள்ளி வைத்தும் இப்படியே நடந்தது. பிறவிச் செயல் குருட்டுத்தனமானது என்பதற்கு இந்தக் கதை புத்தகத்துக்குப் புத்தகம் எடுத்தாளப்பட்டிருக்கிறது. ஆனால் ஃபாப்ர் அடுத்து எழுதியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேறோர் இடத்தில் வாழ்ந்த அதே இனக் குளவிகளிடம் அவர் இதே சோதனையைச் செய்தபோது, அவை இரண்டு மூன்று முறைக்குப் பிறகு உள்ளே பார்ப்பதை விட்டுவிட்டு இரையை நேராக இழுத்துச் சென்றன. இதை மறைக்காமல் எழுதி வைத்த ஃபாப்ரின் நேர்மை பெரியது.

நெதர்லாந்தில் நிக்கோ டின்பெர்கன் செய்த சோதனை இன்னும் தெளிவானது. மணலில் வளை தோண்டித் தேனீக்களை வேட்டையாடும் குளவி உள்ளே இருந்தபோது, வளையைச் சுற்றிப் பைன் மரக் காய்களை வட்டமாக வைத்தார். வெளியே வந்த குளவி சிறிது நேரம் வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் பறந்தது. அது இல்லாத நேரத்தில் காய் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பிய குளவி காய் வட்டத்தின் நடுவில் இறங்கி, இல்லாத வளையைத் தேடியது. இந்தச் சோதனைகள் 1932இல் வெளிவந்தன. எதைப் பிடிப்பது, எப்படிக் கொட்டுவது என்பது அந்தக் குளவிக்குப் பிறவியில் வந்தது. தன் வளை எங்கே இருக்கிறது என்பதை அது கற்றுக்கொள்கிறது, அதுவும் சில வினாடிகளில். இரையின் உடல் தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி இருப்பதால் அதைப் பற்றிய அறிவு உடம்போடு இறங்கி வரலாம். வளை இருக்கும் இடமோ ஒவ்வொரு குளவிக்கும் வேறு. எந்த மூதாதையும் அதை எழுதி வைத்திருக்க முடியாது. மாறாததைப் பிறவி பார்த்துக்கொள்கிறது, மாறுவது கற்றலுக்கு விடப்படுகிறது. இந்த விதி பெரும்பாலும் சரி. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை வாத்து காட்டுகிறது.

டெல்டாவில் அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு மேய்ப்பவர்கள் வருவார்கள். வீட்டு வாத்து அடைகாப்பதில் நம்பகமானதல்ல என்பதால் முட்டைகளைக் கோழிக்கு வைப்பது பழைய வழக்கம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். கோழி அந்தக் கூடுதல் ஒரு வாரமும் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். பொரித்த குஞ்சுகள் கோழியைத் தாயாகவே பின்தொடரும், குட்டையைப் பார்க்கும் வரை. பார்த்ததும் அவை நீரில் இறங்கிவிடும். கோழி கரையில் நின்று தவித்துக் கத்தும். நீந்துவது பிறவி, தாய் யார் என்பது பழக்கம் என்று இந்த ஒரு காட்சியே பிரித்துக் காட்டிவிடுவதுபோல் தோன்றும்.

ஐரோப்பிய ஆய்வும் இந்தக் குஞ்சுகளிடமிருந்துதான் தொடங்கியது. இங்கிலாந்தில் டக்ளஸ் ஸ்பால்டிங் 1873இல் வெளியிட்ட கட்டுரையில், முட்டையை விட்டு வந்தவுடனேயே கோழிக்குஞ்சுகளின் தலையைத் துணியால் மூடி, ஓரிரு நாள் கழித்து எடுத்துவிட்ட சோதனைகளை விவரித்தார். வெளிச்சத்தையே காணாதிருந்த குஞ்சுகள் சற்று நேரத்தில் ஊரும் பூச்சியைக் குறி தவறாமல் கொத்தின. கண் திறந்ததும் அசையும் எதையும் அவை பின்தொடர்ந்தன. பல ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரென்ஸ் இதே பின்தொடர்தலை வாத்துக் குஞ்சுகளிடமும் கூஸ் என்னும் பெரிய வாத்துக் குஞ்சுகளிடமும் ஆராய்ந்து அதற்கு முதற்பதிவு என்று பொருள்படும் பெயரிட்டார். பிறந்தவுடன் கண்ட முதல் அசையும் உருவம் தாயாகப் பதிந்துவிடுகிறது; அந்த உருவம் லோரென்ஸாக இருந்தபோது குஞ்சுகள் அவரையே பின்தொடர்ந்தன. லோரென்ஸ், டின்பெர்கன், தேனீயின் நடனத்தை விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் மூவரும் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். விலங்கின் செயல்களில் ஒரு பகுதி உடலுறுப்பைப் போலவே மரபு வழியாக இறங்குகிறது, அதைச் சோதனையால் பிரித்தெடுக்கலாம் என்பது லோரென்ஸின் உறுதியான நிலைப்பாடு.

அந்த நிலைப்பாட்டை அமெரிக்கரான டேனியல் லேர்மன் 1953இல் ஒரு நீண்ட கட்டுரையில் கேள்விக்குள்ளாக்கினார். ஒரு செயலைப் பிறவி என்று பெயரிட்டவுடன் அது எப்படி உருவாகிறது என்ற விசாரணை நின்றுபோகிறது என்றார். தனியே வளர்த்த குஞ்சு எதனிடமிருந்து தனியே வளர்க்கப்பட்டது? தன் உடலிடமிருந்தா, தன் குரலிடமிருந்தா, முட்டைக்குள் கேட்ட ஓசையிடமிருந்தா? சீனாவைச் சேர்ந்த உளவியலாளர் குவோ சிங்யாங் 1930இலேயே பூனையை வைத்து இதே கேள்வியை எழுப்பியிருந்தார். எலி கொல்லும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20இல் 9 கொன்றன. எலியோடு சேர்ந்து வளர்ந்த 18இல் 3 மட்டுமே கொன்றன. பூனைக்கு எலி பிறவிப் பகை என்று சொல்லிவிட்டால் இந்த மூன்று எண்களும் ஒன்றுகூட விளங்காது.

லேர்மனின் கேள்விக்கு மறுக்க முடியாத விடை வாத்திடமிருந்தே வந்தது. வட கரோலினாவில் கில்பர்ட் காட்லீப் 1960களிலும் 70களிலும் ஒரு புதிரை எடுத்துக்கொண்டார். அடைபொறியில் பொரித்து, தாய் வாத்தின் குரலையே கேட்டிராத குஞ்சுகள், கோழியின் அழைப்பையும் வாத்தின் அழைப்பையும் ஒலிபெருக்கியில் கேட்டால் வாத்தின் பக்கமே ஓடுகின்றன. இதைவிடத் தெளிவான பிறவிக்குணம் இருக்க முடியுமா? காட்லீப் இன்னும் பின்னோக்கிப் போனார். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு பொரிப்பதற்குச் சில நாள் முன்பே மெல்லக் குரல் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. அதை அதுவே கேட்கிறது. சிறு அறுவை மூலம் குரல் எழாமல் செய்து, மற்ற முட்டைகளின் ஓசையும் கேட்காமல் தனியே வைத்தார். அந்தக் குஞ்சுகள் பொரித்த பின் வாத்தின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் பிரித்தறியத் தடுமாறின. தாயின் குரலை அறியும் திறமை, ஓட்டுக்குள் தன் குரலைத் தானே கேட்டதால் செப்பமாகியிருந்தது. அதைக் கற்றல் என்பதா, பிறவி என்பதா? ஒவ்வொரு வாத்தும் ஓட்டுக்குள் குரல் கொடுக்கும், ஒவ்வொன்றும் அதைக் கேட்கும். தவறாமல் கிடைக்கும் அனுபவம் பிறவியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. மேலே சொன்ன விதியின் ஓட்டை இதுதான்: மாறாதது உடம்புக்குள் மட்டும் இருப்பதில்லை, உடம்பைச் சுற்றியும் இருக்கிறது.

இந்த விவாதம் வெறும் பறவை விவாதமாக ஒருநாளும் இருந்ததில்லை. லோரென்ஸ் 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். வீட்டு விலங்கைப்போல் மனிதரும் நாகரிகத்தால் தரம் கெடுகிறார்கள் என்று அந்தக் காலத்தில் எழுதியவர். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வேறு பெயரில் நடந்தது. லேர்மனின் கட்டுரை வந்த அதே 1953இல், சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. எதிர்த்தவர்கள் அதற்கு இட்ட பெயர் குலக்கல்வி. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. திட்டம் தொழில் இரத்தத்தில் வருகிறது என்று சொல்லவில்லை. ஆனால் பிறந்த இடமே பயிலும் இடம் என்று வைத்துவிட்டால், பயின்றது பிறவியைப்போலத் தோற்றமளிக்கத் தொடங்கிவிடும். வாத்து முட்டைக்குள் நடப்பது அதுதான். மனிதர் விஷயத்தில் அந்த முட்டை ஓட்டை உடைக்க வேண்டும் என்று தமிழ்நாடு எடுத்த முடிவு சரியான முடிவு.

காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் காக்கைக்கு உள்ள மரியாதை வேறெந்த ஊரிலும் இல்லை. சனீஸ்வரனின் வாகனம் அது. எள்ளுச் சாதம் வைப்பவர்களும் அமாவாசையில் முன்னோருக்குப் படைப்பவர்களும் கா கா என்று அழைத்ததும் அது மதிலுக்கு வந்துவிடும். யார் வீட்டில் எந்த நேரத்தில் சோறு விழும் என்பது பிறவியில் வரும் அறிவாக இருக்க முடியாது. சியாட்டில் நகரில் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் ஒரு முகமூடி அணிந்து சில காக்கைகளைப் பிடித்து அடையாள வளையமிட்டு விட்டார். பிறகு அந்த முகமூடி தெருவில் தோன்றும்போதெல்லாம் காக்கைகள் கூடிக் கரைந்து விரட்டின. பிடிபட்ட காக்கைகள் சிலவே; விரட்டியவை ஆண்டுக்காண்டு பெருகின. சம்பவத்தின்போது பிறந்தே இராதவையும் பெரியவற்றிடமிருந்து பகையைக் கற்றுக்கொண்டிருந்தன.

இப்படிக் கற்பதையே வாழ்வாகக் கொண்ட பறவையின் கூட்டில்தான் குயில் முட்டையிடுகிறது. குயிலின் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரித்துவிடும். குஞ்சு காக்கையின் சூட்டில் வளர்ந்து, காக்கை ஊட்டியதைத் தின்று, காக்கைக் குரலையே நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கூட்டில் இருக்கும்போது அதன் பசிக்குரலும் கரகரப்பாகவே இருப்பதாகப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கூட்டை விட்டுப் போன பிறகு, ஒரு வேனிலில், அந்த ஆண் குஞ்சு கூவுகிறது. கூவுவது எப்போதும் ஆண்; கவிதைகள் பெண்ணாகப் பாடினாலும் புள்ளி போட்ட பெண் குயிலின் குரல் வெடுவெடுப்பான வேறொன்று. ஆண் குயில் கூவும்போது அதில் காக்கையின் சாயல் ஒரு துளியும் இல்லை. தகப்பனிடம் பயின்றதும் இல்லை, வளர்த்தவரிடம் பிடித்துக்கொண்டதும் இல்லை.

இதற்கு உடலமைப்பில் காரணம் உண்டு. பறவைகளில் குரலைக் கேட்டுப் பயில்பவை மூன்று கூட்டத்தார்: பாடும் பறவை இனம், கிளிகள், தேன்சிட்டுக்கு ஒப்பான அமெரிக்க ரீங்காரச் சிட்டுகள். சேவல், புறா, குயில் இந்தக் கூட்டத்தில் இல்லை. செவிப்புலனை நீக்கிய கோழிக்குஞ்சு வளர்ந்ததும் சரியாகவே கூவும். ஆனால் காக்கை பாடும் பறவை இனத்தைச் சேர்ந்தது. கர்ணகடூரம் என்று நாம் ஒதுக்கும் குரலுக்கு உரிய பறவையே கேட்டுப் பயில்கிறது. இனிமைக்கு உவமையான குயில் யாரிடமும் பயிலாமல் கூவுகிறது. குயிலின் நிலையில் இது இன்றியமையாததும் ஆகும். கேட்டுப் பயிலும் குயில் இருந்தால் அது காக்கையைப்போலக் கரையும். அதற்குத் துணை கிடைக்காது.

ஆனால் பிறர் கூட்டில் வளரும் பறவைகள் எல்லாமே இப்படியில்லை. ஆப்பிரிக்காவில் இண்டிகோ பறவை என்ற சிறு குருவி சில்லைகளின் கூட்டில் முட்டையிடுகிறது. அதன் ஆண் குஞ்சு வளர்த்த தகப்பனின் பாட்டைப் பயின்று பாடும். பெண் குஞ்சு அந்தப் பாட்டைத் தேடியே துணையையும் கூட்டையும் தேர்ந்தெடுக்கும். ராபர்ட் பெய்ன் இந்தக் குஞ்சுகளை வங்காளச் சில்லை என்னும் கூண்டுப் பறவையிடம் வளர்த்தார். அது ஆசியாவின் வெண்முதுகுச் சில்லையிலிருந்து வந்த வீட்டு வகை. குஞ்சுகள் அந்தப் பாட்டையே பாடின, பெண்கள் அந்தக் கூட்டையே நாடின. குயிலுக்கும் இண்டிகோ பறவைக்கும் ஒரே சிக்கல். ஒன்று அதைப் பிறவியால் தீர்த்தது, மற்றொன்று பயிற்சியால். எது உயர்ந்தது என்று கேட்பதில் பொருளில்லை.

பாடும் பறவை பயில்வதிலும் பிறவி எவ்வளவு நுழைந்திருக்கிறது என்பதைப் பீட்டர் மார்லர் கலிஃபோர்னியாவின் வெண்கொண்டைச் சிட்டுகளிடம் காட்டினார். பிறந்த 10 முதல் 50 நாட்களுக்குள் தன் இனப் பாட்டைக் கேட்ட குஞ்சு பல மாதம் கழித்து அதைப் பாடும். கேட்காமல் வளர்ந்தால் பாட்டு சிதைந்து வரும். வேறு இனத்தின் பாட்டை ஒலிநாடாவில் கேட்டால் அதைப் பற்றிக்கொள்ளாது. செவிப்புலனை இழந்த சிட்டின் பாட்டு இன்னும் மோசமாக இருக்கும் என்று மசகாசு கொனிஷி 1965இல் நிறுவினார். பாடிப் பார்த்துத் தன் காதால் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதைக் கற்க வேண்டும், எப்போது கற்க வேண்டும் என்பது பிறவி, கற்பது கற்பதுதான். ஆனால் 1984இல் பாப்டிஸ்டாவும் பெட்ரினோவிச்சும் ஒலிநாடாவுக்குப் பதிலாக உயிருள்ள ஆசிரியரை வைத்தபோது இந்தக் கணக்கும் இளகியது. ஐம்பது நாளுக்குப் பிறகும் சிட்டு கற்றது. பக்கத்துக் கூண்டில் பாடிய நம் நாட்டுச் சிவப்புச் சில்லையின் பாட்டைக்கூடக் கற்றுக்கொண்டது. பாட்டோடு பாடுபவரும் வேண்டும் போலும். மனிதக் குழந்தைக்கும் மொழி அப்படியே வருகிறது. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி, பிறந்ததையும் மொழி பயின்றதையும் அடுத்தடுத்து வைத்துத்தான் தொடங்குகிறது.

காக்கைக்கே திரும்பினால், இன்னொரு பிரெஞ்சு நிலப்பகுதி நினைவுக்கு வருகிறது. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவின் காக்கை மரப்பொந்துப் புழுவைக் குச்சியால் நெம்பி எடுக்கும். நம் கடற்கரையில் வளரும் தாழைக்கு உறவான ஒரு மரத்தின் ஓலையைக் கிழித்து, படிப்படியாகக் கூர்மையாகும் கருவி செய்யும். அந்தக் கருவியின் வடிவம் பகுதிக்குப் பகுதி மாறும். ஆக்ஸ்ஃபோர்டில் நான்கு குஞ்சுகளை மனிதரே வளர்த்தார்கள். இரண்டுக்கு மட்டும் குச்சியைப் பயன்படுத்திக் காட்டினார்கள். நான்குமே குச்சியை எடுத்தன என்று 2005இல் அறிவித்தார்கள். குச்சியைப் பற்றும் நாட்டம் பிறவி. ஊருக்கு ஊர் மாறும் ஓலை வடிவம் பெரியவர்களைப் பார்த்துப் பழகியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தூக்கணாங்குருவியின் கூட்டைத் தமிழில் பிறவித் திறமைக்கு எடுத்துக்காட்டாக முன்வைத்தது ஔவையாரின் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடல். கரையான் புற்றையும் தேனடையையும் சிலந்தி வலையையும் அது கூடவே சேர்த்துக்கொள்கிறது. பறவையியலில் இந்தக் குருவியை முறையாக ஆராய்ந்தவர் சாலிம் அலி. பம்பாய்க்கு அருகே கிஹிமில் 1930இல் கவனித்து அடுத்த ஆண்டு வெளியிட்டார். ஆண் குருவி நெல் தாளையும் பனை, தென்னை ஓலையையும் நார் நாராகக் கிழித்துப் பாதிக் கூடு கட்டுகிறது. பெண் வந்து பார்க்கிறது. பிடித்தால் குடியேறுகிறது, பிடிக்காவிட்டால் போய்விடுகிறது. ஒரு கூட்டில் பெண் அமர்ந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. பெண் தட்டிக்கழித்த அரைக்கூடுகள் பனைகளில் காற்றில் ஆடிக்கொண்டிருப்பதைக் காரைக்கால் வயலோரங்களில் காணலாம். அவற்றுள் இளம் ஆண்களின் கோணல் கூடுகளும் உண்டு. இதன் ஆப்பிரிக்க உறவினமான நெசவுக் குருவிகளை நிக்கலஸ், எல்சி காலியஸ் தம்பதியர் கூண்டில் வளர்த்து, சில குஞ்சுகளுக்குப் பச்சை ஓலையே கிடைக்காமல் செய்தார்கள். ஓலையைக் கிள்ளி விளையாடும் பருவம் தவறிய அந்தக் குருவிகள் பிறகு ஓலை கிடைத்தும் நன்றாக முடையவில்லை. முடையும் வடிவம் பிறவியில் இருக்கிறது. அலகுக்கு அது கைவரப் பழக வேண்டியிருக்கிறது.

மதுரையில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் செய்த வேலை தமிழ்நாட்டின் சொந்தப் பங்கு. மதுரைக்கு அருகே உள்ள ஒரு குகையில் வெளவால்களைக் கூண்டில் அடைத்து நிரந்தர இருட்டில் வைத்தார்கள். குகையின் மற்ற வெளவால்கள் மாலையில் பறந்து போய் விடியலில் திரும்பிக்கொண்டிருந்த வரை, சிறைப்பட்டவையும் சரியான நேரத்துக்கு விழித்தன. கூட்டம் இல்லாத குகையில் தனியே வைத்தபோது அவற்றின் நாள் 24 மணிக்கணக்கிலிருந்து விலகி நழுவியது. உள்ளிருக்கும் கடிகாரம் பிறவி. அதைத் திருத்தி வைப்பது உறவுகளின் சிறகோசை. அந்தக் கடிகாரம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு 1999இல் பெங்களூரிலிருந்து வந்த முடிவு போதும்: 600 தலைமுறை இரவே இல்லாத வெளிச்சத்தில் வளர்ந்த பழ ஈக்களிடம் நாள் என்னும் தாளம் அழியவில்லை.

காரைக்காலுக்குத் தெற்கே கோடிக்கரைக்கு வரும் கொசு உள்ளான் இருபது முப்பது கிராம் எடையுள்ள பறவை. வட துருவத்தை ஒட்டிய ரஷ்ய நிலத்தில் பிறக்கிறது. பெரியவை முன்பே கிளம்பிவிடும். குஞ்சுகள் பின்னால் வழிகாட்டி இல்லாமல் வருகின்றன. பெர்டெக் என்ற டச்சு ஆய்வாளர் 11,000 மைனா இனப் பறவைகளை நெதர்லாந்தில் பிடித்துச் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டு, 1958இல் முடிவை வெளியிட்டார். முன்பு ஒருமுறையாவது பயணம் செய்தவை திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான இடத்துக்கே போயின. முதல் பயணம் செய்த குஞ்சுகள் பிறவித் திசையிலேயே பறந்து ஸ்பெயினில் போய் இறங்கின. திசை பிறவியில் வந்தது. ஊர் கற்றது.

கடைசி சாட்சி மண்டபத்தூர், கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி கடற்கரைகளின் சாட்சி. தை முதல் பங்குனி வரை இரவுகளில் ஏறி மணலைத் தோண்டி நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போகும் ஆமைக்கு மீனவர்கள் பங்குனி ஆமை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தாய் திரும்பி வருவதில்லை. ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்தில், மணல் குளிர்ந்த ஓர் இரவில், குஞ்சுகள் ஒன்றாக மேலே வருகின்றன. கற்றுக்கொடுக்க யாருமில்லை, தவறினால் இரண்டாவது வாய்ப்பும் இல்லை. தாழ்வான அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற ஒரே பிறவிக் கட்டளையோடு அவை வருகின்றன. கடலாமைகள் வாழ்ந்துவரும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் அந்த வெளிச்சம் எப்போதும் கடலாகவே இருந்தது. கரை இருட்டு, நீர் வெளிச்சம்.

அந்தச் சில நிமிட ஓட்டத்திலும் கற்றல் இருக்கிறது. கென்னத் லோமனும் கேத்தரின் லோமனும் ஃபுளோரிடாவின் பெருந்தலைக் கடலாமைக் குஞ்சுகளிடம் 1994இல் காட்டியது இது: குஞ்சு எந்தப் பக்கத்து வெளிச்சத்தை நோக்கிப் போனதோ அந்தத் திசையைப் பூமியின் காந்தப் புலத்தில் குறித்துக்கொள்கிறது, வெளிச்சம் மறைந்த பின்பும் அந்தக் காந்தத் திசையிலேயே நீந்துகிறது. ஆழ்கடலுக்குப் போவதற்கான திசைகாட்டி கரையிலிருந்து கிளம்பும்போதே பொருத்தப்படுகிறது. பல ஆண்டு கழித்துப் பெண் ஆமை பிறந்த கரையோரத்துக்கே முட்டையிட வருவதற்கும் அங்கே பதிந்த காந்த அடையாளமே காரணம் என்பதற்கு 19 ஆண்டுக் கூடு கணக்கெடுப்பை வைத்து 2015இல் வலுவான ஆதாரம் வந்தது.

பிறவியோடு வந்ததை யாராலும் கெடுக்க முடியாது என்ற நினைப்பு இந்தக் கரையில் பொய்யாகிறது. குஞ்சுக்குப் பிறவியில் வந்தது பாதிதான். மீதிப் பாதி கரையின் இருட்டு. வாத்துக்கு ஓட்டுக்குள் ஓசை போல, குயிலுக்குக் காக்கைக் கூடு போல, அதுவும் ஆமையின் சொத்து. ஒரே தலைமுறைக்குள் உயர்கோபுர விளக்குகள் கரையை வெளிச்சமாக்கி அந்தக் கட்டளையைத் திருப்பிவிட்டன. விளக்கு ஏமாற்று என்று இரண்டாவது முறை தெரிந்துகொள்ள, சாலைக்கு ஏறிய குஞ்சு உயிரோடு இருப்பதில்லை. அதனால் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் கரையில் வாழ்பவர்கள். மாசி முதல் சித்திரை வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள். அணைக்க முடியாதவற்றுக்குக் கடல் பக்கம் மறைப்புப் போடுங்கள். குஞ்சுகளைக் கண்டால் கூடையில் அள்ளி நீரில் விடாமல், மணலில் விட்டு அவற்றையே நடந்து போக விடுங்கள்.